துண்டுக்கடியில் ஐந்து விரல்

"மூணா? மூணா காட்டுனே? வாயத் தொறந்து சொல்லுய்யா, மூணா?"

"இருக்கறதே அவ்ளோதானே, எல்லம்மா."

"அவ்ளோதான்னு தெரியுதில்ல? தெரிஞ்சும் இன்னாத்துக்குப் போய் நீட்னே?"

"எல்லாரும் நீட்னாங்க. நானும் நீட்னேன்."

கம்பெனி லைனில் குடியிருந்த அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. நிரம்பிய குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தவர்களும் உண்டு. எதிர்வீட்டு மரியம்மாள் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாளே தவிர, வாளியை உள்ளே விடவில்லை. வாளி சத்தத்தில் ஒரு வார்த்தை தவறினால் யாரைக் கேட்பது?

"கேட்டியா மரியம்மா," என்று எல்லம்மா அவள் பக்கம் திரும்பினாள். "லைன்ல பந்தல் போட உத்தரவு இல்லையாம். தையில பொண்ணுக்குக் கல்யாணம். அப்பன் கையே நிறுத்திடுச்சி."

"கை இன்னாக்கா பண்ணும், பாவம். போனது ரெண்டு. இருக்கறத வச்சித்தானே பேசும்?"

எல்லம்மாவின் புருஷன் காசிநாதன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அதற்கப்புறம் ஒரு வழவழப்பான மேடு. அந்தக் கையின் மேல் அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது. சோறு பிசைகிறது, கத்தி பிடிக்கிறது, பொங்கலுக்கு மகள் தலையில் பூ வைத்துவிடுகிறது. அது போய்க் கம்பெனியைப் பற்றி அவதூறு பேசும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்புக்குப் பலகையில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆம்பூர்க்காரர்களுக்கு அது பெரிய ஷாப்பு, அவ்வளவுதான். முதலாளி நிசார் அஹமது சாயபு தங்கமான மனிதர் என்பதில் இரண்டாவது பேச்சே இல்லை. சென்னையிலேயே இருந்துவிட்டதால் அந்தப் பெயர் கெட வழியும் இல்லாமல் இருந்தது. ஷாப்பை நடத்தியவர் மானேஜர் சுப்பராயன், பி.ஏ. தோல் வாடை பிடிக்காமல், அத்தர் தடவிய கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டே பேசுவார். அதனால் அவர் எந்த உத்தரவு போட்டாலும் அழுதுகொண்டே போடுவது போல இருக்கும். கேட்கிறவர்கள் அவருக்காக இரக்கப்பட்டுவிட்டு, அப்புறம்தான் தங்களுக்காக இரக்கப்படத் தொடங்குவார்கள்.

எல்லாம் சீமைத் துரையால் வந்தது. லண்டனுக்குத் தோல் எடுக்கிற துரை, டீ குடித்துக்கொண்டே முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: உங்களிடம் வேலை செய்வதைப் பற்றி உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்? இப்போது தங்கள் நாட்டில் கௌரவமான கம்பெனிகள் எல்லாம் இதை விசாரிக்கின்றன என்றும் சொன்னார். முதலாளி மானேஜரைப் பார்த்தார்.

"நினைப்பதில்லை, துரை," என்றார் மானேஜர் பெருமையோடு. "வேலை நேரத்தில் அதற்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை."

துரை திருப்தி அடையவில்லை. ஆகவே மறுநாளே மானேஜர் தோல் ஊறுகிற குழிக்குக் குழி போய் நின்று கேட்டார். சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்றவர்கள் தங்கமான கம்பெனி என்றார்கள். ஆவாரம்பட்டை ஊறும் பட்டைக் குழியில் நின்றவர்கள் தாய் மாதிரி என்றார்கள். துரை அதைக் கேட்டுச் சிரித்தார். முகத்துக்கு எதிரே சொல்வது பயம், அபிப்பிராயம் அல்ல. ரகசியமாகக் கேட்டால்தான் செல்லும் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். திரும்பத் தை மாதத்தில் வருவாராம். வரும்போது பதில் தயாராக இருக்க வேண்டுமாம்.

ரகசியத்துக்குத் தோல்காரர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. தோலுக்கு வாயால் விலை பேசுகிற வழக்கமே மண்டியில் கிடையாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் கை கொடுத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரலைத் தொட்டுத் தொட்டே விலை ஏறும், இறங்கும், படியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு பேர் சும்மா கைபிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதுதான் தெரியும். இந்த வித்தையில் பழுத்தவர் தரகர் அப்துல் கஃபார். அவர் விரல் சொன்னது மாறியதாக வேலூர் மண்டியில் ஒரு பேச்சு கிடையாது.

அப்துல் கஃபாரைக் கூப்பிட்டு, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பச்சைத் துண்டு ஒன்றையும் கொடுத்தார் மானேஜர். சங்கு ஊதியதும் ஆட்கள் கூடினார்கள்.

"தொழிலாளிகளே! இன்று முதல் உங்களுக்கு அபிப்பிராயம் வழங்கப்படுகிறது. கம்பெனியில் பூரண திருப்தி உள்ளவன் ஐந்து விரலையும் கொடுக்கலாம். குறை உள்ளவன் குறைத்துக் கொடுக்கலாம். முழுச் சுதந்திரம். யார் எத்தனை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். ஐந்துக்குக் குறைத்தவர்கள் யாரோ, அவர்களை நான் ஒருபோதும் மன்னிக்க மாட்டேன் என்பதை மட்டும் ரகசியமாகச் சொல்லி வைக்கிறேன். வலது கைதான் கொடுக்க வேண்டும். இடது கையால் அபிப்பிராயம் சொல்வது கம்பெனியை அவமதிப்பதாகும்."

பட்டை சுமக்கும் பெண்களும் வரிசையில் நிற்கப் போனார்கள். அந்நிய ஆண் கையைத் தொடுவது முறையல்ல என்று மானேஜர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். கேட்காமலே அவர்கள் எல்லோரும் ஐந்து என்று முடிவாயிற்று. காசிநாதன் மகள் பூவம்மாள் அப்படித்தான், கூடையை இறக்கக்கூட நேரமில்லாமல், பூரண திருப்தி அடைந்தாள்.

காசிநாதன் தன் முறை வந்ததும் கையை முழுசாக விரித்து, துண்டுக்கடியில் நீட்டினார். மிச்சம் வைக்காமல் கொடுத்தார். தரகர் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து, பாய்க்குத் தன் மேல் எவ்வளவு பிரியம் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் அஞ்சு, சார்," என்றார் அப்துல் கஃபார் மானேஜரிடம். "ஒண்ணு மட்டும் மூணு. ஆனா அந்தக் கை இருக்கு பாருங்க, அது…"

"நிறுத்தும்!" மானேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கைக்குட்டை கீழே விழுந்தது. "கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ரகசியம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அதில்ல சார், அவன் முழுக் கைதான் குடுத்தான்…"

"விரல் எத்தனை?"

"மூணு."

"அப்போது மூன்றுதான்."

யார் அந்த மூன்று என்பது ஷாப்பில் மானேஜரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆவாரம்பட்டை வெட்டுகிற மிஷின் புதிதாக வந்த வருஷம், பூவம்மாள் இன்னும் சிறுமியாக இருந்தபோது, காசிநாதனின் இரண்டு விரல்கள் பட்டையோடு போயின. அன்று இருந்த மானேஜர் நல்லவர். ஓடி வந்து பார்த்தார். தோலின் நிறம் கெடுமா என்று மேஸ்திரியிடம் விசாரித்தார். கெடாது என்றதும், அந்தக் கூடைப் பட்டையை வீணாக்காமல் குழியில் கொட்டச் சொன்னார். அந்த விரல்கள் எந்தத் தோலோடு பதமாகி எந்தக் கப்பலில் போயினவோ, லண்டனில் யார் காலில் பூட்ஸாக நடக்கின்றனவோ என்று லைனில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். "எங்க வூட்டுக்காரரு சீமைக்குப் போய்ட்டாரு, கொஞ்சமா," என்று எல்லம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரித்து முடித்ததும் உள்ளே போய்விடுவாள்.

ஆனால் காதைப் பொத்திக்கொண்டவரிடம் யார் போய்ச் சொல்வது? அதிருப்தியாளன் தானாகத் திருந்தட்டும் என்று மானேஜர் சாயங்காலந்தோறும் திருப்தி வகுப்பு ஆரம்பித்தார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர்கள் அப்புறம் சந்தோஷமாக நிற்கப் பழக வேண்டும்.

"மற்ற ஊர்களில் காற்று எங்கிருந்தோ வருகிறது," என்பார் கைக்குட்டைக்குள். "நம் ஊரில் காற்று கம்பெனியிலிருந்தே வருகிறது. ஒரு மைல் தூரத்திலேயே உங்கள் வேலையிடம் உங்களை எதிர்கொண்டு அழைக்கிறது. சுண்ணாம்பு கால் நகத்தைத் தின்கிறது என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். நகம் வெட்ட நாவிதனிடம் போகிற சிரமத்தைக் கம்பெனி உங்களுக்கு மிச்சப்படுத்துகிறது. நன்றி சொன்னீர்களா?"

"நன்றி சார்," என்று கூட்டம் சொல்லும். காசிநாதன் எல்லோரையும் விட உரக்கச் சொல்வார்.

இரண்டாம் முறை துண்டு போட்டார்கள். மறுபடியும் ஒரு மூன்று. மானேஜர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தமுக்கு அடித்து உத்தரவு போட்டார்: லைன் நிலம் கம்பெனியுடையது. எல்லா அபிப்பிராயமும் ஐந்து ஆகும் வரை அந்த நிலத்தில் கல்யாணப் பந்தலுக்கு அனுமதி இல்லை. அதிருப்தி உள்ள இடத்தில் மேளம் வாசித்தால் அது பொய்யாகிவிடும்.

தையில் லைனில் இருந்தது ஒரே ஒரு கல்யாணம். பூவம்மாளுக்கும் எல்லம்மாவின் அண்ணன் மகன் கோவிந்தசாமிக்கும். அந்த உத்தரவு வந்த அன்றுதான் கிணற்றடியில் அத்தனை கூட்டம்.

காசிநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

"சார், அந்த மூணு நான்தான்."

மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "என்ன தைரியம்! ரகசியத்தை வெளியே சொல்வது குற்றம் தெரியுமா?"

"என் ரகசியம்தானே சார்?"

"அபிப்பிராயம்தான் உன்னுடையது. ரகசியம் கம்பெனியுடையது."

"கையைப் பாருங்க சார். எனக்கு இருக்கறதே…"

"கீழே போடு! கீழே போடு கையை!" மானேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "துண்டு இல்லாமல் ஆபீசில் அபிப்பிராயத்தைக் காட்டுகிறாயா?"

அவர் முதுகிடமே காசிநாதன் பேச வேண்டியதாயிற்று. "அப்போ இடது கையைக் குடுக்கட்டா சார்? அதுல எல்லாம் இருக்குது."

"அவமதிப்பு."

"இல்ல, எனக்கு அபிப்பிராயமே வேணாம் சார். வுட்ருங்க."

"அபிப்பிராயம் இல்லாதவன் இந்தக் கம்பெனியின் ஆளே அல்ல. ஆள் அல்லாதவனுக்கு லைனில் வீடு எதற்கு?" மானேஜரின் குரல் குழைந்தது. "நீ யார் என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் ஒரு தகப்பன் மாதிரி சொல்கிறேன். மனசாரக் கொடு. இன்னும் இரண்டே விரல்."

காசிநாதன் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வாசற்படி இறங்கும்போதுதான் எதற்குச் சரி என்றோம் என்று யோசித்தார்.

அன்று சாயங்காலம் கோவிந்தசாமி வீட்டுக்கு வந்தான். கட்டுக் கட்டாக லண்டனுக்குப் போகிற தோலில் கம்பெனி முத்திரை குத்துவது அவன் வேலை. விரல் நுனிகள் எப்போதும் நீலமாக இருக்கும். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று முறை; அதற்காகவே தினமும் ஏதாவது காரணம் வைத்திருப்பான்.

"இன்னா மாமா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு? என் கையில அஞ்சு இருக்கு. ரெண்டு குடுத்தா கொறஞ்சா போய்டுவேன்?"

"இன்னாடா சொல்றே?"

"வரிசையில உன் பின்னாடி நிக்கிறேன். உன் தோள் துண்டு கைமேல தொங்கட்டும். அதுக்கடியில என் கை வரும். மூணு உன்னுது, ரெண்டு என்னுது. பாய் புடிச்சிப் பார்த்தா அஞ்சு. கணக்கு முடிஞ்சிதா?"

எல்லம்மா பல நாளுக்கப்புறம் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமன் கையப் புடிக்கிறியேடா. பொண்ணு கைய எப்போ புடிப்பே?"

கதவுக்குப் பின்னாலிருந்து பூவம்மாளின் குரல் வந்தது. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "மையைக் கழுவிக்கினு போகச் சொல்லும்மா. விரல்லாம் நீலமா இருக்குது."

கழுவினான். சீயக்காய் போட்டு, சாம்பல் போட்டு, கிணற்றடியில் அத்தனை பேர் பார்க்கத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மரியம்மாள் தானே தண்ணீர் சேந்தி ஊற்றினாள். விஷயம் லைன் முழுவதற்கும் தெரிந்திருந்தது. அந்த லைனில் ஒரு ரகசியம் வெளியே போகாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

தை பிறந்தது. துரை வந்தார், முதலாளி வந்தார், தோரணம் கட்டினார்கள். சுண்ணாம்புக் குழிகளை ஓலையால் மூடி, ஓலை மேல் ரோஜாப்பூ தூவினார்கள். அப்துல் கஃபார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கையாக வந்தது. ஐந்து, ஐந்து, ஐந்து.

காசிநாதன் முறை. பின்னால் நெருக்கி நின்ற கோவிந்தசாமியின் மூச்சு அவர் பிடரியில் பட்டது. பச்சைத் துண்டுக்கடியில் தரகரின் விரல்கள் வந்து தொட்டன. பழக்கமான மூன்று. அப்புறம், மேடு இருக்க வேண்டிய இடத்தில், இளம் விரல் இரண்டு, சீயக்காய் தேய்த்த மென்மையோடு. அப்துல் கஃபார் நிமிர்ந்து காசிநாதனைப் பார்த்தார். தோளுக்கு மேலே தெரிந்த இன்னொரு முகத்தைப் பார்த்தார். துண்டுக்குள் இருப்பதைச் சொல்வதுதான் அவர் தொழில். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் இல்லாததைச் சொன்னதில்லை.

"அஞ்சு," என்றார்.

வரிசை முடிந்தது. எல்லாம் ஐந்து என்று மானேஜர் அறிவித்தபோது கைக்குட்டை இல்லாமலே பேசினார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. துரைக்கு ஆச்சரியம். ஒரு குறையும் இல்லாத ஷாப்பை அவர் எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். இது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், யாராவது ஒருவர் மறுபடி செய்து காட்டட்டும் என்று கேட்டார். யாராவது ஒருவரைத் தேடிய மானேஜரின் விரல், ஷாப்பிலேயே உரக்க நன்றி சொல்கிற ஆளிடம் போய் நின்றது.

காசிநாதன் திரும்பி வந்து நின்றார். கோவிந்தசாமியும் ஒட்டிக்கொண்டு வந்தான். வேறு என்ன செய்வான்? துண்டு விழுந்தது. தரகர் பிடித்தார். அஞ்சு என்றார். துரை கைதட்டிவிட்டு, அந்தத் திருப்தியான கையைத் தான் குலுக்க வேண்டும் என்று சொல்லி, பச்சைத் துண்டையும் தொங்கிய தோள் துண்டையும் சேர்த்து எடுத்தார்.

வெயிலில் இருந்தது ஒரு கை அல்ல. சுண்ணாம்பு வெந்த கறுத்த விரல்கள் மூன்று. அவற்றோடு பின்னிக்கொண்டு, நுனியில் இன்னும் லேசாக நீலம் போகாத விரல்கள் இரண்டு. இரண்டு பேருக்கும் விடத் தோன்றவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளிதான் முதலில் பேசினார். "அரே, உன் விரல் எங்கேப்பா?"

"பட்டை மிஷின்ல போச்சு, எஜமான்."

"எந்த ஷாப்புல?"

"இங்கதான் எஜமான். இதே ஷாப்புல."

முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் பூவம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். முதலாளியின் முகம் உண்மையாகவே வாடியது. நல்ல மனிதர் என்று ஊர் சொன்னதில் தப்பில்லை. "ச்சு ச்சு. பாவம்," என்றார். அப்புறம் வெயில் ஜாஸ்தியாக இருப்பதாகவும் துரைக்கு டீ ஆறிவிடும் என்றும் சொல்லி, அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

மிச்சத்தை மானேஜர் பார்த்துக்கொண்டார்.

"கம்பெனி நியாயமானது," என்று தொடங்கினார். "இந்தக் கிழவனிடம் குற்றம் இல்லை. மூன்றே உள்ளவன் மூன்றையும் கொடுத்தால் அது பூரண திருப்தி. இனி இவனுடைய மூன்று ஐந்தாகவே கருதப்படும். பந்தலுக்கும் இந்த நிமிஷமே அனுமதி வழங்குகிறேன்."

காசிநாதன் இரண்டு கையையும் கூப்பினார். எல்லம்மா தலைமேல் கைகூப்பினாள்.

"ஆனால் இவன்!" மானேஜர் கோவிந்தசாமியைச் சுட்டினார். "இவனுக்கு ஆண்டவன் ஐந்து கொடுத்திருக்கிறான். அதில் இரண்டை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டான். கம்பெனிக்கு என்று இவன் வைத்திருப்பது எத்தனை? மூன்று! எதுவும் வெட்டுப்படாமலே மூன்று! இவன்தான் அதிருப்தியாளன். இரண்டு தொழிலாளி கை சேர்த்தால் அதற்குச் சென்னையில் என்ன பெயர் தெரியுமா? சங்கம்! இன்று இரண்டு விரல் சேர்ந்தது. நாளை கை சேரும். நாளன்றைக்கு என்ன சேரும் என்று யார் கண்டது?"

"எங்க மாமன் சார் அவரு," என்றான் கோவிந்தசாமி. "எங்க மாமன் கையைத்தானே புடிச்சேன்?"

சூரியன் சாய்வதற்குள் அவன் லைனை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆம்பூரில் மற்ற ஷாப்புகளுக்கும், வாணியம்பாடிக்கும், பேரணாம்பட்டுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்.

லைன் முனையில் மூட்டையோடு நின்று அவன் எல்லம்மாவிடம் சொன்னான்: "கோலாருக்குப் போறேன், அத்தை. தங்கச் சுரங்கத்துல ஆள் எடுக்கறாங்களாம். ஒரு எடம் பாத்துட்டு வந்துடறேன். பந்தல் இல்லாட்டி இன்னா, கோயில்ல வச்சிக்கலாம். அவகிட்ட சொல்லு."

பூவம்மாள் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். சொல்ல வேண்டிய தேவை இல்லை.

காத்திருந்திருப்பார்கள். ஆனால் வாரக் கடைசியில் மானேஜர் காசிநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார். இப்போது அவரை முகத்துக்கு நேரே பார்த்தார். மூன்று ஐந்தாகிவிட்டதால் ரகசியம் தீர்ந்துவிட்டது.

"அனுமதி கொடுத்து ஐந்து நாள் ஆகிறது. பந்தலை ஏன் போடவில்லை?"

"மாப்ளை இல்லியே சார்."

"மாப்பிள்ளை உங்கள் சௌகரியம். பந்தல் கம்பெனியின் கௌரவம். திருப்தியான தொழிலாளி வீட்டுக் கல்யாணம் பார்க்கத் துரை தங்கியிருக்கிறார். கொடுத்த பந்தலை வேண்டாம் என்றால் அது என்ன அபிப்பிராயம்? நீயே சொல். அப்படிப்பட்டவனுக்கு லைனில் வீடு ஏன் என்று முதலாளி கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

காசிநாதன் தன் கையைப் பார்த்தார். இந்தக் கையை வேறு எந்த ஷாப்பு எடுக்கும்? எல்லம்மாவுக்கு இருமல். வீட்டை விட்டால் பாலாற்று மணல்தான். அவர் சரி சார் என்றார். இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்தே சொன்னார்.

"வேணாம்யா. அவன் வருவான்யா," என்று எல்லம்மா சண்டை போட்டாள். கத்தவில்லை. அன்று கிணற்றடிக்கு யாரும் வரவில்லை. இருந்தவர்களும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூவம்மாளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிகொண்டாவில், ரங்கநாதர் கோயில் வாசலில் தேங்காய்க் கடை வைத்திருந்த ஒருவர் மாப்பிள்ளையாகக் கிடைத்தார். மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை. பந்தல் பெரிய பந்தல். மானேஜர் வாழ்த்திப் பேசினார். மணமக்கள் கம்பெனியைப் போல நீடூழி வாழ வேண்டும் என்றார். துரை ஒரு ஜதை பூட்ஸ் பரிசு கொடுத்தார். எல்லம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று லைனுக்குத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை.

தரகர் அப்துல் கஃபார் கல்யாணத்துக்கு வரவில்லை. வேலூரில் மகள் ஜஹீதா வீட்டோடு போய்விட்டார். அப்புறம் பெரிய ஷாப்புத் தோலுக்குக் கை கொடுக்கவே இல்லையாம். மானேஜர் சுப்பராயனைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டது. பச்சைத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனார். மரியம்மாள் அடுத்த வருஷம் மகனுக்குக் குடியாத்தத்தில் பெண் எடுத்து, அவர்களோடு அங்கேயே குடிபோனாள். மருமகளோடு ஒத்துப்போகாமல் மூன்று மாதத்தில் அதே லைனுக்குத் திரும்பி வந்தாள். பூவம்மாள் போன மூன்றாம் மாதமே, சித்திரையில், கோவிந்தசாமி வந்தான். லைன் முனை வரைக்கும் வந்தான். கிணற்றடியில் மரியம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அப்படியே திரும்பிப் போனான். ரங்கூனில் இருக்கிறான் என்கிறார்கள். யாரையும் கட்டிக்கொண்டதாகத் தகவல் இல்லை. இருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஷாப்பில் அவன் பார்த்த வேலைக்குக் காசிநாதனைப் போட்டார்கள். முத்திரை குத்த மூன்று விரல் போதும். துரைக்குப் பிடித்துப்போனதால் முத்திரையை மாற்றியிருந்தார்கள்: விரித்த கை, ஐந்து விரல். லண்டனுக்குப் போகிற ஒவ்வொரு தோலிலும் அதைக் குத்தி அனுப்பினார்.

ஆடி மாதம் மகளைப் பார்க்கப் பள்ளிகொண்டாவுக்குப் போனார். கடையில் கூட்டம். மாமியார் முக்காலி போட்டு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பூவம்மாள் இளைத்திருந்தாள். தேங்காய் உரித்து உரித்துக் கை கன்றியிருந்தது. தகப்பனுக்கு மோர் கொடுத்தாள். அம்மாவின் இருமலைக் கேட்டாள். வேறு ஒன்றும் பேச அங்கே இடமில்லை.

கிளம்பும்போது காசிநாதன் தோள் துண்டை எடுத்தார். உதறி மடிப்பது போல மடித்து, மகள் கைமேல் போட்டு, அடியில் தன் கையை நீட்டினார். மாமியாருக்கு அது மண்டி வழக்கம் என்று தெரியாது. பூவம்மாளுக்குத் தெரியும். அவளிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் குனிந்து, துண்டு ஓரத்தில் தெரிந்த அவர் விரல் நுனியைப் பார்த்தாள். நீலமாக இருந்தது.

"மையைக் கழுவிக்கினு வரக்கூடாதாப்பா," என்றாள்.

அப்புறம் விரலைக் கொடுத்தாள்.

ரயிலைப் பிடித்து அவர் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். எல்லம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எப்படிக் கீறா? இன்னா சொன்னா?"

காசிநாதன் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"அஞ்சும் குடுத்தா," என்றார்.

எல்லம்மா இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். அந்த லைனில் ஐந்து என்றால் என்ன என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. அங்கேயே, நிலைப்படியில், தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.